எட்டு சிலிண்டருக்குச் சந்தனப் பொட்டு

வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே கஸ்தூரிக்கு அதன் வாடை வந்துவிட்டது. வேங்கிக்கால் புது நகரில் காலையில் எழும் வாடைகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எதிர்வீட்டு சரசு தாளிக்கிற வெங்காயம், மூலை வீட்டுக்காரர் வாசலில் ஊற்றுகிற பினாயில், இரண்டு நாளாக அள்ளாத குப்பைத் தொட்டி. இது அந்த வரிசையில் சேராத வாடை. ஊசிப்போன பெட்ரோல், நனைந்த கோணி, அதற்கும் அடியில் எதுவோ செத்து நாளான மாதிரி ஒரு தித்திப்பு.

மாவுக் கையோடு வாசலுக்கு வந்து பார்த்தாள். நீளமான லாரி ஒன்று முதுகில் சிவப்புக் காரைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகத் தெருவுக்குள் ஊர்ந்து வந்தது. அதற்கு வழிகாட்டியபடி, சாமி ஊர்வலத்தில் தீவட்டிக்காரர் வருகிற மிடுக்கோடு, இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு வந்தவர் அவள் புருஷன் வேணு.

வேணு மனை வியாபாரி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைந்த கொல்லைகளை வாங்கி, கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, 'மலை தரிசனம் தெரியும்' என்று போர்டு வைத்து விற்றவர். அதில் கொஞ்சம் கை நிறைந்தது. கை நிறைந்தவர் சும்மா இருக்கலாம், இல்லை சிமெண்டு ரோடு இல்லாத தன் தெருவுக்கு ஒரு ரோடாவது போட்டுக் கொடுத்திருக்கலாம். வேணுவோ நாளெல்லாம் செல்போனில் அமெரிக்கக் கார்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், மாடு முக்காரம் போடுகிற சத்தம். அங்கே அதை மசில் கார் என்பார்களாம். அறுபத்தொன்பதாம் வருஷத்து மாடல் ஒன்றை ஏலத்தில் எடுத்துவிட்டதாக இரண்டு வாரத்துக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி சொன்னார். கஸ்தூரி ஏதோ பொம்மைக் கார் என்று நினைத்து, அவர் நீட்டின காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வண்டியை இறக்கினார்கள். நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் சுற்றி, வேணு உள்ளே ஏறினார். ஸ்டீரிங் இடது பக்கம் இருப்பது வலது கதவைத் திறந்து உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இறங்கி, சுற்றிப்போய், மறுபடி ஏறினார். சாவியைத் திருகினார். தொண்டையில் முள் சிக்கியவன் மாதிரி வண்டி ஒரு தரம் கக்கியது. அவ்வளவுதான். தெருக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து தள்ளினார்கள். மூன்று எலுமிச்சை நசுங்கின. நாலாவது டயரில் காற்றே இல்லை. அங்கே எலுமிச்சைதான் டயரை நசுக்கியது.

சரசு தன் வீட்டு கேட்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"இன்னா கஸ்தூரி, இன்னா கலரு எடுத்தீங்க? செவப்பா, துருவா?"

"பாக்கறதுக்கு எப்படித் தெரியுதோ அதாங்க்கா."

"எனக்கு ரெண்டும் தெரியுது."

கஸ்தூரி கீழே பார்த்தாள். வாசல் கோலத்தின் மேல் வண்டியின் வயிற்றிலிருந்து கறுப்பாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. அது எண்ணெய் மாதிரியும் இல்லை, தண்ணீர் மாதிரியும் இல்லை.

ஏலம் நடந்த கதை வேணு வாயிலிருந்து முழுசாக வரவில்லை. பாதியை அவர் சொன்னார், மீதியை அவரை ஏலத்துக்குக் கூட்டிப்போன மெக்கானிக் காசி டீக்கடையில் சொல்லி, அது தெரு வழியாக வீட்டுக்கு வந்தது. சென்னைக்கு வெளியே, கடலோரம், ஒரு பெரிய மண்டபம். வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஏலத்துக்கு முன் ஒன்றரை மணி நேரம் யார் வேண்டுமானாலும் பானட்டைத் தூக்கிப் பார்க்கலாம், அடியில் படுத்துப் பார்க்கலாம் என்று விட்டார்களாம். அது வெள்ளிக்கிழமை, பத்தரையிலிருந்து பன்னிரண்டு. சரியான ராகு காலம்.

"ராகு காலத்துல போய் வண்டி மேல கைய வைக்கிறதா? வெளங்குமாடா?" என்று காசியையும் இழுத்துக்கொண்டு எதிர் ஓட்டலுக்குப் போய் நெய் ரோஸ்ட் சாப்பிட்டிருக்கிறார் வேணு. ராகு காலம் முடிந்து, வெற்றிலை போட்டு, வலது காலை வைத்து மண்டபத்துக்குள் நுழைந்தபோது வண்டிகளைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். அதன் பிறகு மேடைத் திரையில் படம்தான். 'உள்ளது உள்ளபடி' என்று வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். வேணு அதைப் படித்துவிட்டு, "பாத்தியா, நேர்மையான ஆளுங்க" என்றாராம்.

ஏலத்தில் எதிர்த்துக் கேட்டவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் வேணு விலை கொடுத்தார், வண்டிக்கு இல்லை. ஏலச் சுத்தியல் விழுந்த பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஏலக்காரருக்குக் கமிஷன், கமிஷனுக்கு வரி, பணம் கட்டி முடிக்கிற வரை வண்டி நின்றதற்கு நாள் வாடகை, அப்புறம் லாரி. எண்ணெயில் போட்ட மிளகாய் மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக வெடித்தது. இடையில் கறுப்புக் கண்ணாடிக்காரனும் ஏலக்காரனும் ஒரே காரில் ஏறிப் போனதைக் காசி பார்த்திருக்கிறான். அதைச் சொல்லி அண்ணன் மனசை எதற்குப் புண்படுத்த வேண்டும் என்று விட்டுவிட்டானாம். நல்ல மனசு.

வண்டி வீட்டுக்குள் போகவில்லை. மூக்கு போர்ட்டிகோவில் இடித்தபோது வால் தெருவில் நின்றது. தண்ணி லாரி திரும்ப முடியாமல் இரண்டு நாள் தண்ணி வராமல் போனதும் தெரு முழுக்கச் சண்டை. மூன்றாம் நாள் மறுபடி லாரி வந்தது. வண்டி அடி அண்ணாமலைக்குப் போனது. எங்கே என்று கஸ்தூரி கேட்டதற்கு, "நம்ம இடம்தான்" என்றார் வேணு.

அது நம்ம இடம் இல்லை. கஸ்தூரியின் இடம். கிரிவலப் பாதையில் அவள் அப்பா அவளுக்கு எழுதிக் கொடுத்த ஒரு தகரக் கொட்டகைக் கடை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே சுக்குக் காபியும் இட்லியும் போடுவாள். நடந்து நடந்து கால் வீங்கிய ஜனம் அவள் கடை பெஞ்சில் உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா, உயிர் வந்துச்சு" என்பார்கள். மாதத்தில் அந்த ஒரு நாள் அவள் யாருக்கும் பெண்டாட்டி இல்லை, கடைக்காரி. வேணுவின் கல் நடும் கை படாமல் அவளுக்கு என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

போய்ப் பார்த்தாள். ஷட்டரைக் கழற்றி ஓரமாகச் சாத்தியிருந்தார்கள். அவள் கொத்தனாரைக் கூடவே இருந்து கட்ட வைத்த அடுப்பு மேடையை இடித்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வண்டி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

"இன்னாங்க இது?"

"ஷெட்டு."

"இது ஷெட்டு இல்லீங்க. கடை."

"ஒரு வாரம்தான்டி. காசி வந்து ஸ்டார்ட் பண்ணிட்டான்னா ஓட்டிக்கினு வந்துடுவேன்."

காசி வந்தான். வந்துகொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் தலையை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, "பார்ட்டு அமெரிக்காலேர்ந்து வரணும் அண்ணி" என்பான். வந்தது. விமானக் கூலி, சுங்க வரி எல்லாம் கட்டி வந்தது. வந்தது பொருந்தவில்லை. வேறு வருஷத்து மாடலுக்கானது என்று திருப்பி அனுப்பி, வேறு வரவழைத்தார்கள். அதுவும் முன்பக்கம் பொருந்தி பின்பக்கம் பொருந்தவில்லை. அன்றைக்கு வண்டிக்கு அடியிலிருந்து காசி ஊர்ந்து வெளியே வந்தபோது அவன் முகத்தில் அப்படி ஒரு பரவசம்.

"அண்ணி! முன்னாடி ஒரு வண்டி, பின்னாடி வேற வண்டி! நடுவுல வெட்டி ஒட்டிக்கிறான் பாருங்க! இன்னா வேலைக்காரன்!"

இந்தக் கூத்தில் பங்குனிப் பௌர்ணமி வந்து போய்விட்டது. அவள் பெஞ்ச் இருந்த இடத்தில் யாரோ செருப்பு காக்கும் கடை போட்டுச் சம்பாதித்தார்கள். இனி சித்திரா பௌர்ணமி. வருஷத்தில் ஜனம் ஜாஸ்தி வருகிற நாள். அதையும் விட்டால் கடையை ஜனம் மறந்துவிடும். அப்புறம் அது ஷெட்டுதான்.

நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்துப் பூக்கடைக்காரி போன் பண்ணினாள். "பூ வாங்க வர்றவங்க மோந்து பாத்துட்டுப் போயிட்றாங்க கஸ்தூரிக்கா, பூவை இல்ல, உங்க கடைய." கஸ்தூரி துடைப்பமும் பினாயிலும் எடுத்துக்கொண்டு போனாள்.

கார்க் கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். பின் சீட்டைப் பிடித்து இழுத்தாள். தோல் கையோடு உரிந்து வந்தது. உள்ளே பஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் எலி கூடு கட்டியிருந்தது. நடுவில் கண் திறக்காத குஞ்சுகள், நகத்தை விடக் கொஞ்சம் பெரிசு, ரோஸ் நிறத்தில் ஒன்றன் மேல் ஒன்று நெளிந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் பெரிய எலி ஒன்று, செத்து, தட்டையாகி, ரோமம் மட்டும் மிச்சமாக ஒட்டிக் கிடந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தவள் கால் வைத்த இடத்தில் மிதியடி அமுங்கியது. தூக்கிப் பார்த்தாள். அடியில் வண்டித் தரையின் தகரமே இல்லை. இடித்துப்போட்ட அவளுடைய அடுப்பு மேடைச் செங்கல் ஓட்டை வழியாக அவளைப் பார்த்தது. கதவின் உட்புறம் தண்ணீர் பட்டு ஊறி உப்பியிருந்தது. விரலால் நோண்டினாள். செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டி பூசி, அதன் மேல் சிவப்பு அடித்திருந்தார்கள். வெளியே அங்கங்கே அம்மைக் கொப்புளம் மாதிரி பெயின்ட் எழும்பி நின்றது.

சீயக்காய் போட்டு மூன்று தரம் கை கழுவினாள். சோறு பிசையும்போது அந்த வாடை திரும்ப வந்தது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எல்லாவற்றையும் வேணுவிடம் சொன்னாள். வேணு ரசம் ஊற்றிக்கொண்டார்.

"எலின்னா இன்னா? புள்ளையார் வாகனம். வாகனத்துல வாகனம் இருக்குது. நல்லதுதான்."

அந்த ரசத்தை அவர் உறிஞ்சின சத்தம் கஸ்தூரிக்கு எலிக் குஞ்சுகளை விட மோசமாக இருந்தது.

மறுநாள் காலையில் வேணு குளித்து, பட்டையாக விபூதி பூசி, குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இப்படி வந்து உட்கார்ந்தால் எவனுக்கோ மனை விற்கப் போகிறார் என்று அர்த்தம்.

"உமாமகேஸ்வரன் குருக்கள் பையன் வந்திருக்கான். சோமேஷ். அமெரிக்காலேர்ந்து. அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். இந்த மாதிரி வண்டின்னா உயிரை விடறானாம். ஊர்ல ஒண்ணு வாங்கி வைக்கணும்னு சொல்றானாம்."

"அதுக்கு?"

"அவன் அம்மா கூட வருவாங்க. அந்த மாமி நீ சொன்னாதான் நம்பும். நீ ஒண்ணும் பொய் சொல்ல வாணாம். கிரிவலப் பாதைய ஒரு சுத்து சுத்திட்டு வந்தோம்னு மட்டும் சொல்லு."

"அது பொய் இல்லாம?"

"லாரி மேல வச்சி சுத்திக்கினுதானே வந்தோம்? லாரி மேல சுத்தினா சுத்தினதாவாதா?"

கஸ்தூரி அவரையே பார்த்தாள். அவர் வெட்கப்படவில்லை. மனை விற்கிற முகம் அது, வெட்கத்துக்கு அதில் இடம் ஒதுக்கவில்லை.

"அவன் எடுத்துக்கினு போயிட்டான்னா மறுநாளே மேடைய கட்டித் தர்றேன். சித்திரா பௌர்ணமிக்கு உன் கடைய நீ போட்டுக்கலாம். யோசி."

சோமேஷின் அம்மா அபீதகுஜாம்பாள் மாமி யாரோ இல்லை. பத்து வருஷமாக ஒவ்வொரு பௌர்ணமியும் கிரிவலம் முடிகிற நேரத்தில் கஸ்தூரி கடைக்கு வந்து, "சக்கரை கம்மியா ஒண்ணு" என்று கேட்டுக் குடித்துவிட்டுப் போகிறவர். மடியில் கோயில் விபூதிப் பொட்டலம் ஒன்று கஸ்தூரிக்காக இருக்கும். கஸ்தூரி அன்றைக்கு முழுக்க மாமியை நினைத்தாள், இடிந்த மேடையையும் நினைத்தாள். முடியாது என்று புருஷனிடம் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதுதான் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. மாமி வீட்டுக்கு ஒரு போன் போட எவ்வளவு நேரம் ஆகும்? போடவில்லை.

மாமியும் மகனும் வந்த அன்று கடையில் ஒரே சாம்பிராணிப் புகை. நாற்றத்தை அமுக்குவதற்குக் காசி இரண்டு கரண்டி அதிகமாகவே போட்டிருந்தான். புகைக்குள் வண்டி சாமந்தி மாலையோடு நின்றது. உடம்பெல்லாம் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். கதவில் ஐந்து, பானட்டில் ஏழு, சக்கரத்துக்கு மேலே வரிசையாக. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்பாளுக்கு அலங்காரம் பண்ணாப்பல இருக்கே!"

கஸ்தூரிக்கு ஒரு நொடியில் புரிந்தது. கொப்புளம் எழும்பின இடத்தில் எல்லாம் பொட்டு இருந்தது. கொப்புளம் இல்லாத இடத்தில் ஒரு பொட்டும் இல்லை.

சோமேஷ் நல்ல பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, செல்போனில் படம் எடுத்து, காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். "சின்ன வயசுலேர்ந்து கனவு அங்கிள். கீழ ஒரு தடவை பாத்துடட்டுமா?"

"பூஜை போட்ட வண்டி தம்பி," என்றார் வேணு. "வெள்ளிக்கிழமை அதுவுமா அடியில போய் படுத்துக்கினு..."

"ஆமாண்டா, அப்பறம் பாத்துக்கலாம்," என்றார் மாமி.

அவன் கதவில் இருந்த பொட்டு ஒன்றை நோக்கி விரலைக் கொண்டுபோனான். மாமி பட்டென்று கையில் தட்டினார். "டேய்! குங்குமத்த அழிக்கப்படாதுடா!"

வேணுவின் முகம் மலர்ந்தது. ஊரில் எந்தச் சுமங்கலியும் குங்குமத்தை அழிக்க மாட்டாள், அழிக்க விடவும் மாட்டாள் என்று கணக்குப் போட்டு வைத்த பொட்டு. கணக்கு தப்பவில்லை. சந்தனம் குழைத்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே அவர் கஸ்தூரியைப் பார்த்தார்.

மாமியும் திரும்பினார். "நீ சொல்லுடிம்மா கஸ்தூரி. இவா எல்லாரும் ஆம்பளைகள், வண்டின்னா வாயப் பொளப்பா. ஓடறதா? வாங்கலாமா?"

கஸ்தூரி வாயைத் திறந்தாள். அந்த ஒரு சுற்று, லாரி மேல் சுற்றின சுற்று, நாக்கு நுனி வரை வந்தது. கூடவே சாம்பிராணிக்கு அடியிலிருந்து அந்தத் தித்திப்பு வாடையும் வந்து தொண்டையில் உட்கார்ந்தது. அவள் நாலு எட்டு நடந்துபோய், கதவில் இருந்த பெரிய பொட்டின் மேல் கட்டைவிரலை வைத்து, அழுத்தி, அழித்தாள்.

"ஐயையோ! என்ன காரியம்டி..." என்றார் மாமி.

விரல் கணு வரை உள்ளே போய்விட்டது. அவள் வெளியே இழுத்தபோது ஒரு கை அகலத்துக்குப் பட்டி பெயர்ந்து காலடியில் விழுந்தது. ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தது. பின்னாலேயே ஊறிக் கூழான செய்தித்தாள் பிதுங்கி வந்தது.

"வாணாம் மாமி," என்றாள். "உள்ள பேப்பர்தான் இருக்குது. படிக்கறதா இருந்தா வாங்கிக்கினு போங்க."

யாரும் சிரிக்கவில்லை. காசி மட்டும் புகைக்குப் பின்னால் மெதுவாகப் பின்வாங்கிக் காணாமல் போனான்.

"பாருங்க மாமி, புருஷன் வச்ச பொட்ட அழிச்சிட்டா!" வேணு கத்தினார். "சுமங்கலி பண்ற வேலையா இது?"

"எனக்கா வச்சீங்க? ஓட்டைக்கு வச்சீங்க."

சோமேஷ் குனிந்து ஓட்டைக்குள் பார்த்தான். செல்போனைப் பைக்குள் போட்டான். மாமி சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் நின்று கஸ்தூரியைப் பார்த்தார்.

"ஆத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாமேடி, நேத்திக்கே."

மடியில் விபூதிப் பொட்டலம் இருந்ததா இல்லையா, தெரியாது. கொடுக்கவில்லை.

இதோடு வேணு அடங்கியிருப்பார் என்று நினைத்தால் அவரைத் தெரியாது என்று அர்த்தம். மறுநாள் காலையே வேலூரில் யாரோ ஒருவனோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டு, சமையலறையில் கிண்ணம் தேடி, சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். அழிந்த பொட்டை மறுபடி வைக்க வேண்டுமே. கஸ்தூரி அந்தக் கிண்ணத்தையும் அவர் விரல்களையும் பார்த்தாள். பிறகு பழைய இரும்புக் கடைக்குப் போன் போட்டாள். இந்தத் தடவை தாமதிக்கவில்லை.

"ஏய், என் வண்டிடி அது!"

"உங்க பேருக்கு செவப்பு ஆவாதுன்னு ஜோசியன் சொன்னான்னு என் பேர்லதானே எடுத்தீங்க? நான் எடைக்குப் போடறேன்."

இரும்புக் கடைக்காரர் வந்து, வண்டியைச் சுற்றி நடந்து, அங்கங்கே முட்டியால் தட்டிக் காது கொடுத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இரும்பு கம்மிம்மா, பட்டி ஜாஸ்தி. இன்ஜினையும் சக்கரத்தையும் எடுத்துக்கிறேன். மிச்சத்த அள்ளிக் கொட்டறதுக்கு நீங்கதான் ஆள் கூலி தரணும்."

"தர்றேன். இன்னிக்கே அள்ளுங்க."

கேஸ் வைத்து வெட்ட ஆரம்பித்தார்கள். பாதி வேலைதான் இருந்தது. ஒட்டின இடத்தில் வண்டி தானாகவே இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்தது. எலிகள் நாலு பக்கமும் ஓடின. பூக்கடைக்காரி ஸ்டூல் மேல் ஏறி நின்று வீல் வீலென்று கத்தினாள். வேணு தெரு முனையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், அழுகிறாரா போன் பேசுகிறாரா என்று தெரியாதபடி.

சித்திரா பௌர்ணமிக்குக் கஸ்தூரி கடை போட்டாள். மேடை இல்லை. மூன்று செங்கல் வைத்து அதன் மேல் அண்டா. தரையில் கறுப்புக் கறை, சோடா உப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தெரியாமல் அதன் மேல் உட்கார்ந்து எழுந்த ஒரு பெரியவர் வேட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டே அவளைத் திட்டினார். பத்துப் பேரில் மூன்று பேர் டம்ளரை வாங்கி, மூக்கைச் சுளித்து, "இன்னாம்மா இது, எண்ணெ வாசன?" என்றார்கள். மீதிப் பேர் குடித்தார்கள். மாமி வருகிற நேரம் வந்தது, போனது. மாமி வரவில்லை.

வேணு வந்திருந்தார். கடைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சுக்குக் காபி குடிக்கிறவர்களிடம் செல்போனை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இதோ, நீங்க நிக்கிறீங்களே, இங்கதான் சார் நின்னுச்சு. அறுபத்தொம்போது மாடல். எட்டு சிலிண்டர். பொம்பளைங்களுக்கு எங்க தெரியுது அதோட மதிப்பு?"

இளைஞன் ஒருவன் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகாமல் படத்தையே பார்த்தான். அவன் கண்ணில் அது வந்துவிட்டது. அந்தப் பளபளப்பைக் கஸ்தூரி தன் வீட்டுக்குள்ளேயே, வேணு கண்ணில் பார்த்திருக்கிறாள்.

"எந்த ஏலத்துல சார் எடுத்தீங்க? அடுத்தது எப்போ?"

"காசின்னு நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான். நம்பர் தர்றேன், எழுதிக்கோ."

கஸ்தூரிக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டு வந்தது. துப்ப இடம் தேடினாள். முன்னால் பாதை நிறைய ஜனம், செருப்பில்லாத கால்கள், அரோகரா என்ற சத்தம். பின்னால் அடுப்பு. பக்கத்தில் புருஷன். விழுங்கிக்கொண்டாள்.

"காபி ஆறுது தம்பி. குடிச்சிட்டு டம்ளர வச்சிட்டுப் போ," என்றாள். "அடுத்து யாருக்கு?"